ஒரு படி கூடுதல் வெப்பம்

ஆங்கிலத்தில் வெப்பத்தைக் கூட்டிச் சொல்ல இரண்டு வழிகள். ‘ஹாட்’ என்ற சொல் தன் உடம்பிலேயே ஒரு விகுதியை ஏற்று ‘ஹாட்டர்’ ஆகிவிடும். ‘ஆர்டென்ட்’ அப்படி ஆகாது. அதற்கு முன்னால் ‘மோர்’ வந்து நிற்க வேண்டும். சின்னச் சொல்லுக்கு விகுதி, நீண்ட சொல்லுக்கு ‘மோர்’ என்று பள்ளிக்கூடத்தில் அசைக் கணக்காகக் கற்றுக்கொண்டோம். கணக்கு சரிதான். அதற்கு அடியில் ஒரு வரலாறும் கிடக்கிறது.

‘ஹாட்’, ‘வார்ம்’ இரண்டும் பழைய ஆங்கிலத்திலிருந்தே வழங்கிவருபவை. சமைப்பவளும் கொல்லனும் சொன்ன சொற்கள். ‘ஆர்டென்ட்’ பிரெஞ்சு வழியாக வந்தது. அதன் லத்தீன் வேருக்கு எரிதல் என்று பொருள். ‘ஃபெர்வென்ட்’டின் வேரில் கொதித்தல் இருக்கிறது. ‘டாரிட்’டின் வேரில் தீய்ந்து வறண்டுபோதல். ‘பேஷன்’ என்பதற்கோ வெப்பத்தோடு தொடர்பே இல்லை, அது துன்புறுதல். ஆங்கிலத்துக்குள் அது நுழைந்தபோது முதலில் குறித்தது கிறிஸ்துவின் பாடுகளைத்தான். பிறகே காதலுக்கும் கோபத்துக்கும் வந்து சேர்ந்தது.

எரிதல், கொதித்தல், தீய்தல், வதைபடுதல். இவ்வளவு கடுமையான வேர்களிலிருந்து வந்த சொற்கள் இன்று விருந்து அழைப்பிதழிலும் வேலைக்கான விண்ணப்பத்திலும் சாதுவாக உட்கார்ந்திருக்கின்றன.

*

ஒவ்வொரு சொல்லுக்கும் அதன் கூட்டாளிகள் உண்டு. வேண்டுதலும் நம்பிக்கையும் ‘ஃபெர்வென்ட்’டோடு சேரும். ரசிகர், ஆதரவாளர், காதலர், தேசியவாதி ஆகியோருக்கு ‘ஆர்டென்ட்’. ஊரறிந்த காதல் விவகாரத்துக்கு ‘டாரிட்’. பிரிட்டனின் விளையாட்டுச் செய்திகளில் ஓர் அணி படாதபாடு பட்டால் அந்த நேரமும் ‘டாரிட்’தான். வாக்குவாதம் ‘ஹீட்டெட்’ ஆகும்; வரவேற்பு ‘வார்ம்’ ஆகும். இவற்றை இடம் மாற்றிப் போட்டால் இலக்கணம் தடுக்காது, காது தடுக்கும்.

கடக ரேகைக்கும் மகர ரேகைக்கும் இடைப்பட்ட பூமிப் பட்டைக்கும் ‘டாரிட்’ என்றே பெயர். வெப்பம் மிகுந்ததால் அங்கே மனிதர் வாழ முடியாது என்று அரிஸ்டாட்டில் எழுதினார். தமிழ் பேசும் நிலம் முழுக்க அந்தப் பட்டைக்குள்தான் இருக்கிறது. 15-ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசிய மாலுமிகள் ஆப்பிரிக்காவின் கரையோரமாகவே வந்து நிலநடுக்கோட்டைக் கடந்த பிறகுதான் ஐரோப்பாவில் அந்த எண்ணம் முற்றாக விழுந்தது. தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு இன்னொருவரின் வெப்பம் எப்போதும் தாங்க முடியாததாகத்தான் தெரியும் போலிருக்கிறது.

*

ஷேக்ஸ்பியர் ‘மோர் ஹாட்டர்’ என்று எழுதியிருக்கிறார். ‘ஆல்ஸ் வெல் தட் எண்ட்ஸ் வெல்’ நாடகத்தின் நான்காம் அங்கத்தில், சாத்தானைப் பற்றிப் பேசும் கோமாளியின் வாயில் அது வருகிறது. விகுதியும் வேண்டும், ‘மோர்’ரும் வேண்டும், ஒன்று போதவில்லை. இன்று ஒரு மாணவர் இப்படி எழுதினால் சிவப்பு மையில் கோடு விழும். அன்று அது பிழையாக இருக்கவில்லை. ‘ஜூலியஸ் சீசர்’ நாடகத்திலும் ஆண்டனி ‘மோஸ்ட்’டையும் உச்ச விகுதியையும் சேர்த்து இரட்டை உச்சப்படியில் பேசுகிறான்.

இதைத் தவறென்று வகுத்தவர்களில் முக்கியமானவர் ராபர்ட் லவுத். பின்னாளில் லண்டன் பிஷப் ஆனவர். 1762-இல் வெளியான அவருடைய சிறிய இலக்கண நூல் இரட்டை ஒப்பீட்டை ஒதுக்கியது. ஒரே ஒரு விலக்கு கொடுத்தார்: பைபிளின் பழைய சங்கீத மொழிபெயர்ப்பில் கடவுளைக் குறிக்க வரும் இரட்டை உச்சப்படி பொருத்தமானது என்றார். எல்லா உயரத்துக்கும் மேலானவரைச் சொல்லும்போது இலக்கணம் ஒரு படி ஏறிக்கொள்ளலாம் என்பது அவர் எண்ணம்.

எனக்கு லவுத்தைப் பிடிக்கிறது, அந்த விலக்குக்காக. கடவுளுக்குக் கொடுத்ததை அவர் காதலுக்கும் கொடுத்திருக்கலாம்.

*

வெப்பத்தை அளக்கும் ‘டிகிரி’யும் இலக்கணத்தின் ‘கம்பேரட்டிவ் டிகிரி’யும் ஒரே சொல். இரண்டுக்கும் படி என்றே பொருள். இதை வெறும் தற்செயல் என்று கடந்துபோக மனம் வரவில்லை.

ஜான் லாக் 1690 என்று ஆண்டு அச்சிடப்பட்ட தன் பெரிய நூலில் ஒன்றைக் கவனிக்கிறார். ஒரே பாத்திரத்து நீர் ஒரு கைக்குக் குளிராகவும் மறு கைக்குச் சூடாகவும் படக்கூடும். நீர் ஒன்றுதான். கை எங்கிருந்து வந்தது என்பதைப் பொறுத்து அது மாறுகிறது. சூடு என்று நாம் சொல்வது எப்போதும் எதையோ விடச் சூடு.

பிறகுதான் எண்கள் வந்தன. 1701-இல் நியூட்டன் பெயர் போடாமல் லத்தீனில் ஒரு கட்டுரை வெளியிட்டார்; வெப்பப் படிகளின் அளவுகோல் அது. நீர் உறையும் நிலை 0, மனித உடலின் சூடு 12. 1724-இல் ஃபாரன்ஹீட், 1742-இல் செல்சியஸ். செல்சியஸ் முதலில் வகுத்ததில் நீர் கொதிப்பது 0, உறைவது 100. அவர் காலத்துக்குப் பிறகே அது தலைகீழாகத் திருப்பப்பட்டது. எண்ணை எந்தப் பக்கமிருந்தும் தொடங்கலாம். ‘இது அதைவிடச் சூடு’ என்ற உறவு மட்டும் மாறாது.

மேக்ஸ்வெல் 1871-இல் வெளியிட்ட வெப்பவியல் நூலில் வெப்பநிலை என்பதை இந்த உறவிலிருந்தே வரையறுக்கிறார். இரண்டு பொருள்களைத் தொட வைத்தால் எது வெப்பத்தை இழக்கிறதோ அதன் வெப்பநிலை கூடியது; எது பெறுகிறதோ அதனுடையது குறைந்தது. இதற்கு முன்பே 1850-இல் கிளாசியஸ், வெப்பம் தானாகக் குளிர்ந்ததிலிருந்து சூடானதற்குப் போகாது என்ற உண்மையைத் தன் ஆய்வின் அடித்தளமாக்கியிருந்தார். ஆக இயற்பியலில் ‘ஹாட்’ என்பதற்கு முன்பே ‘ஹாட்டர்’ பிறந்துவிடுகிறது. ஒப்பீடுதான் முதல். தனிநிலை பிறகு வருவது.

மனத்தின் வெப்பத்துக்கும் இது பொருந்துமா என்று நெடுநாள் யோசித்ததுண்டு. பாதி பொருந்துகிறது. ஒருவர் நேசத்தில் கனல்கிறார் என்பதை நாம் அறிவதும் அருகில் இன்னொருவர் அவ்வளவு கனலாமல் இருப்பதால்தான். மறு பாதி பொருந்தவில்லை. உலோகத் துண்டுகள் இரண்டைத் தொட வைத்தால் சற்று நேரத்தில் இரண்டும் ஒரே சூட்டுக்கு வந்துவிடும். மனிதர்கள் வருவதில்லை. கூடக் கொடுப்பவர் ஆறிப்போவதில்லை. வாங்குபவர் சூடேறுவதும் இல்லை. ஆண்டுக்கணக்கில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தும் அந்த வேறுபாடு அப்படியே நிற்கும். பல வீடுகளில் இதைப் பார்த்திருக்கிறோம்.

*

‘ஆர்டென்ட் ஸ்பிரிட்ஸ்’ என்று ஒரு பழைய வழக்கு. வடித்தெடுத்த மதுவுக்குப் பெயர். தீ வைத்தால் பற்றிக்கொள்ளும் என்பதால் அப்படி அழைத்தார்கள். ‘பிராண்டி’ என்ற பெயரும் எரித்த திராட்சைமது என்னும் டச்சுச் சொல்லிலிருந்து வந்ததே. உவமையாகத் திரிவதற்கு முன் ‘ஆர்டென்ட்’ உண்மையான நெருப்போடு எவ்வளவு ஒட்டியிருந்தது என்பதற்காக இதைக் குறித்துக்கொள்கிறேன்.

*

‘ஒன் ஆஃப் ஹிஸ் மோர் ஆர்டென்ட் அட்மைரர்ஸ்’. ஆங்கிலப் பத்திரிகைகளில், வாழ்க்கை வரலாறுகளில், அரசியல் கட்டுரைகளில் இந்தத் தொடரைத் திரும்பத் திரும்பப் பார்க்கலாம். ஒரு தலைவருக்கோ எழுத்தாளருக்கோ பலர் ரசிகர்கள். அவர்களில் கனல் கூடிய சிலரில் இவர் ஒருவர்.

இந்தத் தொடர் என்ன செய்கிறது? ரசிகர்களை இரண்டு கூட்டமாகப் பிரிக்கிறது. ஒரு கூட்டத்துக்கு மட்டும் பெயர் வைக்கிறது. மற்ற கூட்டம் இருக்கிறது என்பதை அந்த ‘மோர்’ சொல்கிறது, ஆனால் அவர்கள் யார், எவ்வளவு நேசித்தார்கள் என்று சொல்வதில்லை. நம் ‘விட’ என்பதற்கு நிகரான சொல் அங்கே வரவே இல்லை. யாரைவிட என்று கேட்டால் வாக்கியம் பதில் தராது.

இன்னொன்றும் நடக்கிறது. இப்படி எழுதுபவர் பெரும்பாலும் அந்தக் கனல் கூடிய கூட்டத்தில் இருப்பதில்லை. சற்றுத் தள்ளி நின்று சொல்கிறார். ‘ஆர்டென்ட் அட்மைரர்’ என்று மட்டும் எழுதினால் அதில் மரியாதை இருக்கிறது. ‘மோர்’ சேர்ந்ததும் ஓர் இடைவெளி வந்துவிடுகிறது. அரசியல் செய்தியில் ‘மோர் ஆர்டென்ட்’ ஆதரவாளர்கள் என்றால் கொஞ்சம் கட்டுமீறியவர்கள் என்ற குறிப்பு உள்ளே ஓடும். ஒப்பிடும் சொல் மெல்ல எடைபோடும் சொல்லாகிவிட்டது. இதில் இரண்டு பேருக்கும் நியாயம் கிடைக்கவில்லை என்பது என் எண்ணம். கனல்பவர் கைத்தொலைவில் நிறுத்தப்படுகிறார். கனல் குறைந்தவர் வாக்கியத்திலேயே இல்லை.

ஆங்கில ஒப்பீட்டு வடிவத்துக்கு இன்னொரு குணமும் உண்டு: அது தனிநிலைக்கு உத்தரவாதம் தருவதில்லை. இங்கிலாந்தில் ஜனவரி மாதத்தில் ஒரு நாள் ‘வார்மர்’ என்றால் அது வெதுவெதுப்பான நாள் என்று பொருளாகாது. நேற்றைவிடக் குளிர் குறைவு, அவ்வளவே. ‘ஓல்டர் மேன்’ என்பவர் ‘ஓல்ட் மேன்’ என்பவரைவிட இளையவராகவே இருப்பார். அதுபோல ஒருவர் ‘மோர் ஆர்டென்ட்’ ஆனார் என்று கதையில் வந்தால் அவர் முன்பு எப்படி இருந்தார் என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். அங்கே ஒப்பீடு அவருடைய பழைய தன்னோடு. இந்தப் பயன்பாடு எனக்கு மிகவும் பிடித்தது. நேற்றைய தன்னைவிட இன்று கூடுதலாக நேசிக்கிறார். யாரும் தோற்கவில்லை.

*

வெப்பமானியில் ‘வார்ம்’ ஏறி ஏறி ‘ஹாட்’ ஆகும். மனிதரிடம் அப்படி நடப்பதில்லை. ‘வார்மர்’ மனிதர் என்றால் அன்பு கூடியவர், பேச எளியவர். அவர் இன்னும் ‘வார்மர்’ ஆனாலும் ‘ஹாட்டர்’ ஆகமாட்டார். ‘ஹாட்டர்’ என்றால் கோபமோ, காமமோ, இன்றைய பேச்சில் உடல் கவர்ச்சியோதான். ஒரே கோட்டில் அடுத்தடுத்து இருந்த இரண்டு சொற்கள் மனத்துக்குள் வந்ததும் கிளை பிரிந்து வேறு வேறு ஊருக்குப் போய்விடுகின்றன.

ஜேன் ஆஸ்டின் இதை நன்றாக அறிந்தவர். 1813-இல் வெளிவந்த ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ நாவலில் டார்சி எலிசபெத்திடம் இரண்டு முறை தன் காதலைச் சொல்கிறான். முதல் முறை தன் நேசத்தைச் சொல்ல அவன் எடுக்கும் சொல் ‘ஆர்டென்ட்லி’. கூடவே அவள் குடும்பத்தின் தாழ்வையும் விவரிக்கிறான். எலிசபெத் மறுத்துவிடுகிறாள். இரண்டாம் முறை, அவள் மனம் மாறியதை அறிந்த பிறகு அவன் பேசியதை ஆஸ்டின் நமக்கு நேரடியாகக் கேட்கவிடுவதே இல்லை. காதலில் உள்ளவன் எவ்வளவு பேசுவானோ அவ்வளவு ‘வார்ம்லி’ பேசினான் என்று கதை சொல்லும் குரல் சொல்லிக் கடந்துவிடுகிறது. எரிதலிலிருந்து வெதுவெதுப்புக்கு ஒரு படி இறங்கியிருக்கிறது. அந்த முறைதான் அவள் சம்மதிக்கிறாள்.

ஜான் வெஸ்லியும் அப்படியே. மெதடிஸ்ட் இயக்கத்தின் பிறப்போடு சேர்த்துப் பேசப்படும் நாள் 1738 மே 24. லண்டன் ஆல்டர்ஸ்கேட் தெருவில் ஒரு கூட்டத்தில், ரோமருக்கு எழுதிய நிருபத்துக்கு லூத்தர் எழுதிய முன்னுரையை யாரோ வாசிக்கக் கேட்டுக்கொண்டிருந்தார். தன் நெஞ்சம் வினோதமாக ‘வார்ம்’ ஆனதை உணர்ந்ததாக நாட்குறிப்பில் எழுதினார். எரிந்தது என்றோ கொதித்தது என்றோ எழுதியிருக்கலாம். நெடுங்காலம் குதிரை மேலேறி ஊர் ஊராய்ப் போய்ப் பிரசங்கித்தவர் அவர். தன்னைத் திருப்பிவிட்ட கணத்துக்கு அவர் எடுத்தது அடுப்பங்கரைக்கு மிக அருகில் இருக்கும் சொல்.

*

வெதுவெதுப்புக்கு எதிரான வழக்கும் வலுவானது. பைபிளின் வெளிப்படுத்தின விசேஷத்தில் லவோதிக்கேயா சபைக்கு எழுதிய கடிதம் அவர்களைக் குளிரும் இல்லை, அனலும் இல்லை என்று கண்டிக்கிறது. அந்தப் பகுதியின் செல்வாக்கால் ‘லவோதிசியன்’ என்பது ஆங்கிலத்தில் மதத்திலோ அரசியலிலோ உறுதி இல்லாதவரைக் குறிக்கும் சொல்லாயிற்று. தாமஸ் ஹார்டி 1881-இல் ஒரு நாவலுக்கே அந்தப் பெயரை வைத்தார்.

அந்த ஊரின் இடிபாடுகள் இன்றைய துருக்கியில் டெனிஸ்லி நகரத்துக்கு அருகே உள்ளன. வடக்கே ஹியெராபோலிஸ், இன்று பாமுக்கலே என்று உலகம் போய்ப் பார்க்கும் வெந்நீர் ஊற்றுகள் அங்கே. இன்னொரு பக்கம் கொலோசெ. அங்கே குளிர்ந்த நீர். லவோதிக்கேயாவுக்குக் குழாய் வழியாகத் தொலைவிலிருந்து தண்ணீர் வர வேண்டியிருந்தது. அந்தக் கடிதத்தை இப்படி வாசிக்கும் அறிஞர்கள் உண்டு: வெந்நீர் நோய்க்கு மருந்து, குளிர்ந்த நீர் தாகத்துக்கு ஆறுதல், இரண்டும் பயன்படும். பயன்படாமல் இருப்பதைத்தான் கடிதம் கண்டித்தது. இந்த வாசிப்பு எனக்கு ஏற்புடையது. இதன்படி குளிர்ந்தவருக்கும் ஓர் இடம் கிடைக்கிறது. அனலே நல்லது, அனல் கூடக் கூட நல்லது என்று அந்த வரிகளை எடுத்துக்கொண்ட பின்னாள் பிரசங்கங்கள் பாதிப் பேரைக் கை கழுவிவிட்டன.

*

ஷேக்ஸ்பியரின் 18-ஆம் சானட்டும் ஓர் ஒப்பீடு. 1609-இல் அச்சானது. அதில் அவர் தன் அன்புக்குரியவரைக் கோடையைவிடக் கனலானவர் என்று சொல்லவில்லை. கோடை சில சமயம் மிகச் சுடுகிறது என்பது அவர் குறைகளில் ஒன்று. இவர் கோடையைவிட அழகானவர், மிதமானவர் என்பதே புகழ்ச்சி. 1659-இல் தொடங்கும் மத்திய இங்கிலாந்தின் வெப்பநிலைப் பதிவுகளின்படி ஜூலை மாதச் சராசரி 16 டிகிரி செல்சியஸை ஒட்டியது. அந்த மென்மையான கோடையைக்கூட அவர் கூடுதல் என்று கருதினார். ஆங்கிலத்தின் மிகப் புகழ்பெற்ற காதல் பாட்டில் ஒரு ‘மோர்’ சேர்ந்து நிற்பது மிதத்தோடு. இதை வகுப்பறைகளில் யாராவது அழுத்திச் சொல்ல வேண்டும்.

*

தமிழ் இலக்கணம் இந்த இடத்தில் வேறொரு வழி காட்டுகிறது. தொல்காப்பியம் ஐந்தாம் வேற்றுமைக்கு உரிய பொருள்களை அடுக்கும்போது நிறம், வடிவம், அளவு, சுவை என்று தொடங்கித் தண்மையையும் வெம்மையையும் அடுத்தடுத்து வைக்கிறது. ஒன்றைவிட மற்றொன்று குளிர்ந்தது, ஒன்றைவிட மற்றொன்று சுடுவது. உரியியலில் அதே வெம்மை என்னும் சொல்லுக்கு விருப்பம் என்ற பொருளும் சொல்லப்படுகிறது. லத்தீன் வேர்கள் தமிழை எட்டிப் பார்ப்பதற்கு நெடுங்காலம் முன்பே சுடுவதும் விரும்புவதும் இங்கே ஒரே சொல்லில் குடியிருந்தன.

ஆனால் என்னை நிறுத்தியது வேறு. ஆங்கிலத்தில் ஒப்பீட்டின் குறி பண்பின் மேல் விழுகிறது: ‘ஹாட்’டுக்கு விகுதி, ‘ஆர்டென்ட்’டுக்கு ‘மோர்’. அந்தக் குறி போதும். மற்ற ஆளை விட்டுவிட்டாலும் வாக்கியம் நிற்கும். தமிழில் பண்புச்சொல் மாறுவதே இல்லை. சுடுவது சுடுவதுதான். குறி விழுவது மற்ற ஆளின் மேல்: அவளைவிட, அவனைக் காட்டிலும், பழைய வழக்கில் அதனின். அந்த ஆளை எடுத்துவிட்டால் ஒப்பீடே போய்விடும். ‘இன்னும்’, ‘கூடுதல்’ என்ற சொற்களைப் போட்டு நாமும் ஆளை மறைக்கலாம்தான். என்றாலும் மொழியின் இயல்பான நடை யாரைவிட என்பதிலிருந்தே தொடங்குகிறது.

*

ஆடனின் கவிதை ஒன்றுக்கு ‘தி மோர் லவிங் ஒன்’ என்று தலைப்பு. 1960-இல் வந்த ‘ஹோமேஜ் டு கிளியோ’ தொகுப்பில் இருக்கிறது. இரண்டு பக்கமும் நேசம் சமமாக வாய்க்காதபோது கூடுதலாக நேசிக்கும் பக்கத்தில் தான் இருந்துவிட விரும்புகிறார் அவர். அந்தத் தலைப்பில் ‘ஒன்’ இருக்கிறது. இன்னொருவர் இருப்பதால்தான் அவர் ஒருவர். வானத்து நட்சத்திரங்கள் நம்மைத் திரும்பிப் பார்க்காமல் இருப்பதை அவர் குற்றமாகச் சொல்லவில்லை.

ஆஸ்டினின் கடைசி முழு நாவலான ‘பெர்சுவேஷன்’ முடியும் தறுவாயில் ஆன் எலியட்டும் கேப்டன் ஹார்வில்லும் ஒரு சன்னலருகே வாதிடுகிறார்கள். ஆணின் உணர்ச்சி வலியதா, பெண்ணுடையதா? உடல் வலியது என்பதால் உணர்ச்சியும் வலியது என்கிறான் ஹார்வில். ஆன் அந்த அளவுகோலிலேயே நிற்க மறுக்கிறாள். நம்பிக்கை எல்லாம் போன பிறகும் நீண்ட காலம் நேசிப்பதைத்தான் தன் பக்கத்துக்காகக் கேட்கிறாள். வெப்பத்தைக் காலத்தால் அளக்கச் சொல்கிறாள். எட்டு ஆண்டுகளாகத் தன் நேசத்தை யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தவள் அவள். வெளியே இருந்து பார்த்தவர்கள் அவளைக் கனல் குறைந்தவள் என்றே நினைத்திருந்தார்கள்.

ஆங்கிலத்திலிருந்து தமிழுக்குக் கொண்டுவருபவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. ‘மோர் ஆர்டென்ட்’, ‘மோர் பேஷனேட்’, ‘வார்மர்’ என்று வரும் இடங்களில் ‘மிகவும்’ என்று போட்டுவிட்டுப் போகாதீர்கள். மிகவும் என்பது ஓர் ஆளோடு முடிந்துவிடுகிறது. அந்தப் பக்கத்தில், அதற்கு முந்தைய பக்கத்தில், சில நேரம் முந்தைய அத்தியாயத்தில், ஒப்பிடப்பட்ட மற்றவர் இருப்பார். அவரைக் கண்டுபிடித்து அவருக்குப் பின்னால் அந்த ‘விட’வைச் சேர்த்துவிடுங்கள்.